மொட்ரிச்சும் என் மருமகனும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய குரல் பதிவை முழுதாகக் கேட்டேன். லண்டனில் டொட்டன்ஹாம் மைதானத்துக்கு ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தும், குரோஷிய உதைபந்தாட்டக்காரன் லூகா மொட்ரிச் அங்கே ஆடிய நாலு வருடத்தில் ஒரு மட்ச்கூட நேரில் பார்க்கவில்லையே என்று இப்போது கவலைப்படுகிறாய். டிக்கெட் விலையும் உன் இரவு வேலையும் எனக்குத் தெரியாததா? விடு. இங்கே மாரி தொடங்கிவிட்டது. வாவி நிறைந்து வருகிறது, முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி வயல்காரர்கள் கேட்கிறார்கள். மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பெடியன்கள் கடற்கரை மணலில்தான் பந்தடிக்கிறார்கள்.

தங்கச்சியின் மூத்தவன் என்ன செய்கிறான் என்று கேட்டிருந்தாய். அணித் தெரிவில் அவனை விட்டுவிட்டார்கள். "ஆள் சின்னன், உடம்பு காணாது" என்றார்களாம். பந்து அவன் காலோடு ஒட்டிக் கிடக்கும், அது உண்மை. தோளால் ஒரு இடி விழுந்தால் ஆள் தரையில், அதுவும் உண்மை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்போதுதான் அவனைப் பக்கத்தில் இருத்தி மொட்ரிச்சின் கதையைச் சொன்னேன்.

அவனுக்கு வேண்டியது கதையின் முதல் பாதிதான். சின்ன வயதில் மொட்ரிச் உயிராக நேசித்த கழகம் ஹய்டுக் ஸ்பிளிட். அங்கே தெரிவுக்குப் போனபோது மெலிந்தவன் என்று திருப்பி அனுப்பினார்கள். பந்தே வேண்டாம் என்று வெறுத்துப்போனவனைத் தேற்றிப் பயிற்சிக்குத் திரும்பக் கூட்டிவந்தவர் ஸாடார் கழகத்தின் இளையோர் பயிற்சியாளர் டொமிஸ்லாவ் பாஷிச். விளையாட்டில் எனக்குத் தகப்பன் அவர்தான் என்று மொட்ரிச் இன்றைக்கும் சொல்கிறான். இதைக் கேட்டதும் மருமகனின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

குரோஷிய யுத்தக் கதையை நான் பெரிதாக எடுக்கவில்லை. உனக்கும் தெரிந்ததுதான்: 1991 டிசம்பரில் அவனுடைய அப்பப்பாவைச் சுட்டுக் கொன்றார்கள், வீட்டை எரித்தார்கள். குடும்பம் ஸாடார் நகரத்து ஹோட்டலொன்றில் அகதிகளாகத் தங்கியது, அந்த ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில்தான் அவன் பந்தடித்தான். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் யுத்தம்தான் அவனை உருவாக்கியது என்று எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1990இல் நாமும் அகதி முகாமாக இருந்த வந்தாறுமூலைக் கெம்பஸில் கிடந்தவர்கள்தானே? செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அந்த முகாமிலும் பெடியன்கள் துணிப்பந்து அடித்தார்கள். அவர்களில் நம்மைவிட நன்றாக அடித்தவர்கள் இருந்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். யுத்தம் ஆட்டக்காரனை உருவாக்குமென்றால் படுவான்கரையில் ஊருக்கு ஒரு மொட்ரிச் இருக்க வேணும்.

என்னைக் கேட்டால் அவனை உருவாக்கியது மொஸ்டார். 16 வயதளவில் குரோஷியாவின் பெரிய கழகமான டினமோ ஸாக்ரெப் அவனை எடுத்தது. உடனே மேலே ஏற்றவில்லை. 2003இல் பொஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மொஸ்டார் கழகத்துக்கு இரவல் கொடுத்தார்கள். மேடு பள்ளமான மைதானங்கள், காலைப் பார்த்து உதைக்கிற பெரிய மனிதர்கள். அந்தப் பருவத்தில் பொஸ்னிய லீக்கின் சிறந்த ஆட்டக்காரன் விருது 18 வயதுப் பொடியனுக்குப் போனது. அங்கே ஆடத் தெரிந்தவன் எங்கேயும் ஆடலாம் என்று பின்னாளில் சொன்னான். மறுகா இன்டர் ஸாப்ரெஷிச்சுக்கு இரவல், அந்தப் பருவத்தில் அந்தச் சின்னக் கழகம் லீக்கில் இரண்டாமிடம் வந்தது. 2005இல் டினமோ பத்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. அந்தக் காசில் அவன் முதலில் செய்தது, ஸாடாரில் பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கியது. இதைச் சொன்னபோது தங்கச்சியும் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

டொட்டன்ஹாம் காலம் உனக்குத்தான் தெரியும். 2008இல் வந்தான், முதல் எட்டு ஆட்டத்தில் அணிக்கு இரண்டே புள்ளி, புதுப் பயிற்சியாளராக ரெட்நாப் வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. 2012இல் ரியல் மட்ரிட். முதல் வருடம் அங்கே ஒரு பத்திரிகை வாக்கெடுப்பில் மோசமான கொள்வனவு என்று அவனைத் தெரிந்தெடுத்தார்கள்! அதே ஆள் அங்கே 6 சம்பியன்ஸ் லீக் வென்றுவிட்டு 2025இல் மிலானுக்குப் போனான். 2018இல் உலகின் சிறந்த ஆட்டக்காரனுக்கான பலோன் டோர், அதுவும் மெஸ்ஸியும் ரொனால்டோவும் பத்து வருடம் தங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்திருந்த விருது. ஆனால் புனிதர் பட்டம் கொடுக்க வேண்டாம். டினமோவின் பெரிய தலை மாமிச்சின் ஆட்டக்காரர் விற்பனைப் பண மோசடி வழக்கில் இவன் சொன்ன சாட்சியம் குரோஷிய ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. பொய்ச் சாட்சிக் குற்றச்சாட்டும் வந்து, பிறகு அது தள்ளுபடியானது. வளர்கிற பெடியனை வைத்து யார் யார் காசு பார்ப்பார்கள் என்பதற்காகவாவது அந்தக் கதையைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேணும்.

மருமகனோடு இருந்து பழைய வீடியோக்களைப் பார்த்தபோது, பந்தைப் பார்க்காதே, பந்து வருமுன் அவனுடைய தலையைப் பார் என்றேன். பாஸ் அவனை நோக்கி வருகிற அந்த இடைவெளியில் ஒருதரம் இடப்பக்கம், ஒருதரம் வலப்பக்கம், தோளுக்கு மேலால் பார்த்துவிடுவான். பந்து காலில் படும்போது அடுத்தது எங்கே என்று முடிவாகியிருக்கும். அதனால்தான் 172 சென்ரிமீற்றர் உயரக்காரனை இடிக்க முடிவதில்லை. இடிக்க வருகிறவன் வந்து சேரும்போது அங்கே பந்து இருக்காது. 2022இல் செல்சிக்கு எதிரான காலிறுதியைத் திரும்பத் திரும்பப் போட்டோம். மட்ரிட் சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்கி வெளியே போகப் பத்து நிமிடம்தான் பாக்கி. நின்ற இடத்தில், வலது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு வளைவு. பந்து பின்கள ஆட்டக்காரர்களின் தலைக்கு மேலால் போய் ரொட்ரிகோவின் காலுக்கு முன்னால் இறங்கியது. ரொட்ரிகோ நிலத்தில் பட விடாமலே அடித்தான். ஏன் உள்காலால் அடிக்கவில்லை என்று மருமகன் கேட்டான். உள்காலுக்கு உடம்பைத் திருப்ப வேணும், அதற்குள் முன்னால் நிற்கிறவன் காலை நீட்டிவிடுவான் என்றேன். இப்போது கல்லடிக் கடற்கரையில் வெறுங்காலோடு நாள் முழுக்க வெளிக்கால்தான். நேர் பாஸ் கொடுக்க வேண்டிய இடத்திலும் வெளிக்கால்! கூட விளையாடுகிறவர்கள் திட்டுகிறார்கள்.

2018 உலகக் கிண்ணத்தில் குரோஷியா உங்கள் இங்கிலாந்தை அரையிறுதியில் அனுப்பி வைத்ததை நான் ஞாபகப்படுத்தவில்லை, பயப்படாதே. எனக்குப் பெரிதாகத் தெரிவது டென்மார்க் ஆட்டம். மேலதிக நேரம் முடியப் போகிறபோது மொட்ரிச் அடித்த பெனால்டியை டென்மார்க் கோல் கீப்பர் ஷ்மைக்கல் பிடித்துவிட்டார். சில நிமிடங்களில் பெனால்டிப் போட்டி. அதே கோல் கீப்பருக்கு முன்னால் மொட்ரிச் திரும்பவும் போய் நின்று அடித்தான், கோல்.

சரி, தங்கச்சியின் கேள்விக்கு வருவோம். "இவன் பந்தடித்து என்ன செய்யப் போகிறான்?" அவள் கேட்பது நியாயம். குரோஷியாவின் சனத்தொகை 40 இலட்சம்கூட இல்லை, நாம் இரண்டு கோடிக்கு மேல். நமக்கு இல்லாதது மொஸ்டார்தான்: 18 வயதுப் பெடியன் சம்பளத்தோடு பெரிய ஆட்களுடன் வாராவாரம் மோதுகிற இடம். 2021இல் சூப்பர் லீக் என்று தொழில்முறைப் போட்டி தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் ஃபிஃபா நாட்டையே தடை செய்து ஓகஸ்டில்தான் எடுத்தது. மற்றப்படி மாதச் சம்பளத்தோடு பந்தடிக்க இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். நம் பக்கத்துத் தாய்மாருக்கு அது எப்படிப்பட்ட வழி என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓ.எல். சோதனை முடியும்வரை ரியூஷனையும் பந்தையும் இரண்டையும் விடாதே என்று மட்டும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். தங்கச்சிக்கு அரைகுறைத் திருப்தி.

மொஸ்டாரை நானும் நீயும் கட்ட முடியாது. பாஷிச் போல ஒருவரை வைத்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் காசு எல்லாம் ஒரு நாள் சுற்றுப்போட்டிக்கும், ஆள் உயரக் கேடயத்துக்கும், ஸ்பீக்கருக்கும் போகிறது. உன் லண்டன் கூட்டாளிகள் வருடா வருடம் சேர்க்கிற அந்தக் காசை 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஒரு பயிற்சியாளரை மாதச் சம்பளத்தில் வைப்பதற்குக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார். பயிற்சியாளர் சான்றிதழ் எடுத்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற ஒருவர் இங்கே இருக்கிறார், பேசி வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வரும்போது 4ஆம் இலக்கப் பந்துகளாகப் பார்த்து வாங்கி வா. இங்கே சின்னப் பெடியன்களும் பெரியவர்களின் 5ஆம் இலக்கத்தைத்தான் உதைக்கிறார்கள். காற்றை இறக்கி மடித்தால் பெட்டியில் நிறையக் கொள்ளும். பம்ப் ஊசி மறந்துவிடாதே, இங்கே வாங்குவது இரண்டு நாளில் உடைந்துவிடுகிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி