மஞ்சள் லைட்டை அணைத்துத் தரச் சொல்லாதீர்கள்

நம் பட்டறையில் கேரவன் கட்டிய, கட்டிக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

திங்கள்கிழமை என்றால் காலை எட்டு மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். சனி ஞாயிறில் வண்டியை எடுத்துக்கொண்டு வால்பாறைக்கோ தனுஷ்கோடிக்கோ போய் வந்தவர்கள்தான் பெரும்பாலும். முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், டேஷ்போர்டில் மஞ்சளாக எஞ்சின் குறி எரியும், பக்கத்திலேயே பாதி காலியான முறுக்குப் பாக்கெட். அதற்குக் கீழே ஒரு வரி: "அண்ணா, இத மட்டும் அணைச்சுக் குடுத்துருங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

இனிமேல் வாரண்டி இருக்கும் வண்டிகளுக்கு அப்படி அணைத்துத் தரப்போவதில்லை. கோயம்புத்தூரில் எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் யாரிடம் போனாலும் ரெண்டு நிமிடத்தில் அணைத்துவிடுவார்கள், நாங்களும் அணைத்துக்கொண்டுதான் இருந்தோம். அதனால் ஒரு வாடிக்கையாளருக்கு எங்கள் கையாலேயே நஷ்டம் வந்தது. அந்தக் கதையைச் சொன்னால் காரணம் புரிந்துவிடும்.

அவர் வண்டி வாங்கி ஒன்றரை வருடம். மஞ்சள் லைட் எரிந்தது, வந்தார், ஸ்கேனரை மாட்டி, உள்ளே பதிவாகியிருந்த கோளாறுக் குறியீட்டை அழித்தோம், போனார். பத்து நாளில் மறுபடி எரிந்தது. இந்த முறை அவரே ஆன்லைனில் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி, போனிலேயே அழித்துவிட்டார். அப்புறம் இன்னொரு முறை. கடைசியில் வண்டி மேட்டில் இழுக்காமல் போனதும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஸ்கேனரை மாட்டியதும் முதலில் பார்த்தது கோளாறை இல்லை, கோளாறுக் குறியீட்டைக் கடைசியாக அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பதை. அந்தக் கணக்கு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. "வெளியே யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று ஜாப் கார்டில், அதாவது வண்டியின் சர்வீஸ் சீட்டில், எழுதிவிட்டார்கள். கெட்டுப்போனது ஒரு சென்சார், நியாயமாக வாரண்டியில் வரவேண்டியது. அதற்கு அவர் வாரக்கணக்கில் அலைந்தார். முதல் முறை அழித்தது நாங்கள் என்பதால் அவரோடு போய் நாங்களும் நின்றோம், நின்று என்ன, தடயம்தான் போய்விட்டதே.

லைட் எரியும் அந்த நொடியில் எஞ்சின் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டை மட்டும் எழுதிவைப்பதில்லை. அப்போது எஞ்சின் எத்தனை சுற்று சுற்றிக்கொண்டிருந்தது, வண்டி என்ன வேகம், கூலண்ட் எவ்வளவு சூடு, எஞ்சின் மேல் எவ்வளவு சுமை என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்த மாதிரி பிடித்துவைக்கிறது. கோளாறு உற்பத்தியில் வந்ததா, ஓட்டியதில் வந்ததா என்று சொல்லக்கூடிய சாட்சி அதுதான். குறியீட்டை அழித்தால் அந்தப் படமும் சேர்ந்து போகும், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். லைட் அணைந்திருக்கும், கோளாறு அங்கேயே இருக்கும், உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது. அதனால் இனி நாங்கள் செய்வது: ஸ்கேன் செய்வோம், உள்ளே இருப்பதை அப்படியே அச்செடுத்து உங்கள் கையில் தருவோம், அதோடு சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவோம். இதற்குக் காசு கிடையாது.

சிவப்பு லைட் வேறு கதை. அதில் பேச்சே இல்லை, ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பழைய எண்ணெய்க் குவளை மாதிரி இருக்கும் குறி சிவப்பில் வந்தால் ஆயில் பிரஷர் போய்விட்டது என்று அர்த்தம், "பக்கத்து பங்க் வரைக்கும்" என்று ஓட்டினாலே எஞ்சின் முடிந்துவிடும், லைட் எரிந்த பிறகும் ஓட்டினீர்கள் என்று தெரிந்தால் வாரண்டியில் கையெழுத்துப் போட மாட்டார்கள். சூட்டுக் குறியும் அப்படித்தான். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, நம் கேரவன்கள் உள்ளே கட்டில், கிச்சன், தண்ணித் தொட்டி எல்லாம் சேர்த்துச் சுமையோடு ஏறுகின்றன. ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூவில் நிறுத்திப் படம் எடுக்கிற நேரத்தில் டேஷ்போர்டையும் ஒரு பார்வை பாருங்கள். முள் ஏறியிருந்தால் ஆறவிடுங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், உள்ளே இருப்பது பிரஷரில் கொதிக்கும் தண்ணி.

மஞ்சள் என்றால் மெதுவாக ஓட்டி வந்து சேரலாம், ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. மின்னி மின்னி எரிந்தாலோ, வண்டி இழுக்காமல் போனாலோ மஞ்சளையும் சிவப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரும் மஞ்சள் லைட்டுகளில் பாதிக்கு மேல் புகை சம்பந்தப்பட்டவை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் வண்டியின் சைலன்சர் பழைய சைலன்சர் இல்லை, அது ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலை. பெரும்பாலான வண்டிகளில் கரியைப் பிடிக்க டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. பல வண்டிகளில் கூடவே, புகையில் இருக்கும் நச்சு வாயுவைக் குறைக்க யூரியா தொட்டியும் இருக்கிறது, நீல மூடி போட்டது. இந்த ரெண்டும் நன்றாக ஓடும் வண்டிக்காகச் செய்தவை. கேரவனோ பாதி நாள் நிற்கிற வண்டி, அங்கேதான் வம்பே.

டிபிஎஃப்பில் சேரும் கரி தானாக எரிய வேண்டுமென்றால் அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். சேலம் ரோட்டில் ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிடம் போனால் வண்டியே அதைப் பார்த்துக்கொள்ளும். ராமேஸ்வரத்தில் கடற்கரையோரம் நிறுத்தி, ஏசிக்காக ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிட்டால் கரி சேருமே தவிர எரியாது. அப்புறம் லைட் எரியும், அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் இதைத் தயாரிப்புக் குறை என்று ஏற்க மாட்டார்கள், ஓட்டிய முறை என்பார்கள், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நான். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை கிலோமீட்டர் போனது, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நின்ற இடத்தில் ஓடியது தெரிந்துவிடும். ஏசிக்கு என்றுதான் தனி பேட்டரியும் வெளிக் கரண்ட் பிளக்கும் வைத்துத் தருகிறோம், அதைப் பயன்படுத்துங்கள். வாரண்டி போனால் போகட்டும் என்றாலும் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்துபோனது ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடால்தான்.

யூரியாவுக்கு வருவோம். இதில் எங்கள் தப்பு ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் கட்டிய சில வண்டிகளில் குடிதண்ணி நிரப்பும் வாயை யூரியா மூடிக்கு ஒரு முழம் தள்ளி, அதே பக்கத்தில் வைத்துவிட்டோம். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் கிளம்பும் அவசரத்தில், உதவிக்கு இருந்த பையன் ஹோஸ் பைப்பை நீல மூடிக்குள் விட்டு நிரப்பிவிட்டான். சிறுவாணித் தண்ணி குடிக்க அமிர்தம், ஆனால் அந்தத் தொட்டிக்குள் போக வேண்டியது 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்திகரித்த தண்ணியும் மட்டும்தான். அவினாசி தாண்டுவதற்குள் லைட். தொட்டியைக் கழற்றிக் கழுவி, பம்ப்பைப் பார்த்து, பெரிய செலவு. வாரண்டியில் ஒரு ரூபாய் வராது, வரவும் கூடாது. பாதிச் செலவை நாங்கள் ஏற்றோம். அதிலிருந்து தண்ணி வாயை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றிவிட்டோம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நாள் கொண்டுவந்தால் சும்மாவே மாற்றித் தருகிறோம். யூரியா வாங்கும்போது ஐஎஸ்ஓ 22241 என்று போட்ட கேனாகப் பாருங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், கேனை மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள், சூட்டில் அது சீக்கிரம் கெடும். தப்பித் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

சரி, வாரண்டி. வண்டி ஒன்று என்றாலும் வாரண்டி மூன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸி எல்லாம் வண்டிக் கம்பெனியுடையது. கட்டில், அலமாரி, ஒயரிங், தண்ணிக் குழாய் எங்களுடையது. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், ஏசி அந்தந்தக் கம்பெனியுடையது. எஞ்சின் லைட் எரிந்தால் முதலாமவர் "உள்ளே கட்டியவன் ஒயரிங்" என்பார், கட்டியவன் "சேஸிக் கோளாறு" என்பான், நடுவில் நீங்கள் பந்து மாதிரி உருளுவீர்கள். அப்படி உருட்டக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஒயரிங் வரைபடம் ஒன்று எழுதி வைத்திருக்கிறோம், சேஸி பேட்டரியிலிருந்து எந்த இடத்தில் மட்டும் கரண்ட் எடுத்தோம், என்ன ஃபியூஸ் என்று. கேட்டால் எங்கள் கையெழுத்தோடு தருகிறோம். எங்கள் ஒயரிங்கால்தான் லைட் எரிந்தது என்று தெரிந்தால் செலவு முழுக்க எங்களுடையது.

ஆனால் நாங்கள் கொடுத்த பிறகு வேறு எலக்ட்ரீஷியனை வைத்து, சப்வூஃபருக்கும் கூடுதல் ஃபிரிட்ஜுக்கும் சேஸி பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்துக்கொண்டால் அதற்கு நாங்களும் பொறுப்பில்லை, கம்பெனியும் பொறுப்பில்லை. அப்படி ஒரு வண்டி வந்தது. பேட்டரி வோல்டேஜ் இறங்கிப்போய், சாவி போட்டதும் எஞ்சின், ஏபிஎஸ், ஸ்டீரிங் என்று வரிசையாகக் கார்த்திகை தீபம் மாதிரி எரிந்தது. மீட்டரை வைத்தால் 11.3 வோல்ட். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அந்த ஒயரைப் பிடுங்கி பேட்டரியைச் சார்ஜ் செய்ததும் எல்லாம் போய்விட்டது. அதனால் நிறைய லைட் ஒரே நேரத்தில் வந்தால் பயப்படாமல் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். ரெண்டு மாதம் நின்ற வண்டி என்றால் எலியையும். கிச்சனில் விட்டுவைத்த ரொட்டித் துண்டுக்கு வந்த எலி, போகிறபோக்கில் சென்சார் ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். எலிக்கு எந்த வாரண்டியிலும் இடமில்லை.

நிறையப் பேர் வாரண்டியை இழப்பது லைட்டால்கூட இல்லை, தேதியால். சர்வீஸ் அட்டவணையில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது என்றுதான் இருக்கும். "வருசத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுச்சு, எதுக்கு சர்வீஸ்" என்று கேட்காதவர் குறைவு. வண்டி ஓடாவிட்டாலும் காலண்டர் ஓடுகிறது. இன்னொன்று, கம்பெனி வாரண்டி தொடங்குவது நாங்கள் கட்டி முடித்துச் சாவி கொடுத்த நாளிலிருந்து இல்லை, டீலர் வண்டியை உங்களுக்கு விற்ற தேதியிலிருந்து. எங்களிடம் நாலு மாதம் நின்றால் அந்த நாலு மாதம் போனதுதான். இதைக் கடந்த வருடம் வரை முன்கூட்டியே சொல்லாமல் இருந்தோம், இப்போது ஆர்டர் எடுக்கும்போதே சொல்கிறோம். கூடுதல் வாரண்டி வாங்கச் சொல்லி டீலர் வற்புறுத்தினால், மாற்றம் செய்த வண்டிக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

லைட் எரிந்த நாளில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி டேஷ்போர்டைப் படம் எடுங்கள். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தீர்களா, டீசல் போட்டு எத்தனை நேரம் ஆகிறது, ஏதாவது சத்தம் கேட்டதா என்று ரெண்டு வரி அப்போதே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், மறுநாள் கேட்டால் யாருக்கும் நினைவிருப்பதில்லை. சர்வீஸ் சென்டரில் நீங்கள் சொன்ன குறையை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "வாரண்டி கிடையாது" என்றால் சண்டை போடாமல், ஏன் கிடையாது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் குரல் இறங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படியும் நடக்கவில்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதுக்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம், பிரச்சினை எழுந்து ரெண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். வாடகைக்கு விட என்று மூன்று நாலு வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் போகும் முன் வக்கீலைக் கேளுங்கள், வியாபாரத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. சொந்தப் பிழைப்புக்கு ஒரு வண்டி ஓட்டுபவருக்கு அந்தத் தடை இல்லை.

கடைசியாக ஒன்று. இதில் எந்த வண்டிக்கு என்ன விதி என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, உங்களில் பதினோரு பேருடைய புத்தகம் எங்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. டேஷ்போர்டைக் கழற்றும்போது எடுத்து வைத்தது, திருப்பி வைக்க நாங்கள் மறந்தோம், கேட்க நீங்கள் மறந்தீர்கள். பெயர் எழுதி அடுக்கி வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், வர முடியாதவர்கள் முகவரி அனுப்பினால் கூரியரில் போட்டுவிடுகிறோம்.