ஃபுதாபாவில் வண்டியை நிறுத்திய பெரியவருக்கு

போன நவம்பரில் ஜப்பானில், ஃபுகுஷிமாவின் ஃபுதாபா ரயில் நிலையத்தில் இறங்கினேன். பேருந்து போய்விட்டது, மழை வேறு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளில்லை. நடக்க ஆரம்பித்த என் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை டிரக் வந்து நின்றது. எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர், எங்கே போகிறாய் என்று கேட்டு ஏற்றிக்கொண்டார்.

அவர் இந்த ஊர்க்காரர். நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி, ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குள்ளானபோது, 2011 மார்ச் 12 அன்று உடுத்திய துணியோடு கிளம்பியவர். 2022 ஆகஸ்ட் 30 வரை யாரும் இங்கே குடியிருக்க அனுமதி இல்லை. வழியில் புல் மண்டிய ஒரு காலி மனையைக் காட்டி, "என் வீடு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பக்கத்து ஊரான நமியேயின் உகேதோ பள்ளிக்கும் அவரே கூட்டிப் போனார். கடலிலிருந்து சுமார் 300 மீட்டர்தான். சுனாமி வருமுன் அங்கிருந்த 82 பிள்ளைகளும் ஆசிரியர்களோடு ஒஹிராயாமா குன்றுக்கு ஓடித் தப்பினார்கள். ஆனால் அந்தக் கடற்கரையில் இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களைத் தேட மறுநாள் காலை போக முடியவில்லை. அணு உலையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருந்த எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடியும்போதே உத்தரவு வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் தேடினார்கள். இதைச் சொல்லும்போது பெரியவர் கடலைப் பார்க்கவே இல்லை.

பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். பெயர் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. ஐயா, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அந்தக் காலி மனை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.