மாலத்தீவு ஆசிரியர்களின் மாலை நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாடுகளில் ஆங்கில ஆசிரியர் வேலை குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை சம்பளம், விசா, ஒப்பந்தக் காலம் ஆகியவற்றை விளக்கமாகச் சொன்னது. பள்ளி விட்ட பிறகு அந்த ஆசிரியர் யாரோடு பேசுவார் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மாலத்தீவில் ஒரு சிறு தீவுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துத் திரும்பியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1960-களில் அங்கே ஆங்கில வழிக் கல்வி தொடங்கியது முதல் வெளிநாட்டு ஆசிரியர்களுக்குத் தேவை இருந்துவருகிறது; தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பலர் போயிருக்கிறோம். அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவில் 'மிஸ்' என்ற பட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போக முடியாது. கடையில் வெங்காயம் வாங்கும்போது பின்னால் நிற்பவர் ஏதாவதொரு மாணவனின் தந்தையாகத்தான் இருப்பார். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் மரியாதை கொடுப்பவர்கள் அவ்வளவு சுலபமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை பேசுவதில்லை.

இதற்கு நம்மவர்கள் கண்ட வழி, வெள்ளி, சனி விடுமுறையில் ஒரே வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிட்டு, மிச்ச நேரத்தை வாட்ஸ்அப்பில் கழிப்பது. முதல் சில மாதங்களை அப்படித்தான் தள்ள முடியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டு, தீவுக்காரர்கள் யாரோடும் ஒட்டமாட்டார்கள் என்று ஊருக்கு வந்து சொல்வதுதான் நியாயமாகப் படவில்லை. மாலையானால் கரையோரத்தில், கயிற்று வலை கட்டிய 'ஜோலி' இருக்கைகளில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கும். பெண்கள் 'பஷி' ஆடுவார்கள்: வலைக்கு முதுகு காட்டி நின்று டென்னிஸ் மட்டையால் பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னுக்கு அடிக்க, எதிர்ப்பக்கத்தார் அதைக் கையால் பிடிக்க வேண்டும். பந்தைக் கோட்டைவிட்ட டீச்சரைப் பார்த்து அவர்கள் வாய்விட்டுச் சிரித்த பிறகுதான், சூரை மீனும் தேங்காயும் வைத்துப் பொரித்த பலகாரம் என் வீட்டுக்கு வரத் தொடங்கியது. தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் வழக்கமில்லையே, அதில் எலுமிச்சை சாதம் போயிற்று. ஆண் ஆசிரியர்களுக்குக் கால்பந்துத் திடல் இருக்கிறது. அந்நாட்டு மொழியான திவேஹியில் விலை கேட்கவும் நலம் விசாரிக்கவும் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

சென்னையில் நேர்முகத் தேர்வு நடத்தும் ஏஜென்சிகள் இவை எதையும் சொல்வதில்லை. போகிற தீவில் வேறு தமிழர் உண்டா, தலைநகர் மாலேவுக்குப் படகு எந்தெந்தக் கிழமைகளில், தனியாக வரும் பெண்ணுக்கு வீடு எங்கே என்று கேட்டாலும் மழுப்பல்தான் பதில். கட்டுரையின் தொடர்ச்சி வருமானால், திரும்பி வந்த ஆசிரியர்கள் சிலரிடம் இவற்றைக் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33.