கைஅச்சு நூல்களுக்கும் நூலகங்களில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பெரிய பதிப்பகங்கள் தொடத் தயங்கும், சொற்களைச் சித்திர வடிவில் அடுக்கும் சித்திரக்கவிகளை ஈய எழுத்தில் கோத்து, காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடிலில் நூறு படிகள் மட்டும் அச்சிட்டு வெளியிடும் எங்கள் ஊர்ச் சிறு அச்சகம் ஒன்றைப் பற்றியே இக்கடிதம்.

சென்ற மாதம் அங்கே ஓர் எழுகூற்றிருக்கை அச்சேறுவதைக் கண்டேன். ஒன்று, இரண்டு, ஒன்று எனத் தொடங்கி ஏழு வரை ஏறி இறங்கும் எண்களைத் தேர்த் தட்டுகளாக அடுக்கும் கவிவகை அது. குடந்தை ஆராவமுதன்மீது திருமங்கையாழ்வாரும், சுவாமிமலை முருகன்மீது அருணகிரிநாதரும் பாடிய வடிவம் என்பதால் எங்கள் வட்டாரத்துக்கு அது சொந்தச் சொத்து. தேரின் சரிவு கோணாதிருக்க ஒவ்வொரு வரியின் இரு புறமும் ஈயக் கட்டைகளை இட்டு நிரப்ப வேண்டும். சற்றே தளர்ந்தாலும், கோத்து இறுக்கிய எழுத்துத் தொகுதியாகிய பாரத்தைத் தூக்கும்போது எழுத்துகள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த ஒரு பக்கத்துக்கே முழுப் பகலும் ஆயிற்று. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த ‘லை’யும் ‘னை’யும் அவர்கள் கேஸில் (எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் பெட்டியில்) இன்னும் இருக்கின்றன. அந்த அறைகளை என் விரல்கள் பார்க்காமலே தேடிச் சென்றன.

பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது பாரக் கணக்கில், அதாவது பக்க அளவை மட்டும் வைத்து, விலை நிர்ணயிப்பதால், நாற்பது பக்கத்துக்கு வாரக்கணக்கில் உழைத்தவர்களுக்குத் தாள் செலவுகூடத் தேறாது. எனவே அவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. இதற்கிடையே மூடப்படும் அச்சகங்களின் எழுத்துகள் பழைய ஈயமாக எடைக்குப் போகின்றன. நான் வேலை பார்த்த அச்சகத்தின் எழுத்துகளும் அப்படித்தான் மூட்டை மூட்டையாகப் போயின. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து வந்த எழுத்துகள் பெரியனவாக இருந்ததால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த மண் இது. இங்கே இவ்வாறு நடப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கைஅச்சு நூல்களைப் பாரக் கணக்குக்கு வெளியே வைத்துத் தனி விலை நிர்ணயித்து, மாவட்ட மைய நூலகங்களுக்கேனும் ஒவ்வொரு படி வாங்க அரசு ஆணையிட வேண்டும். எடைக்குப் போகவிருக்கும் எழுத்துகளைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பெற்று, இத்தகைய அச்சகங்களுக்கு வழங்க முன்வர வேண்டும். அச்சுக்கோக்கக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு நானும், என்னோடு பணியாற்றிய இருவரும் கட்டணமின்றிக் கற்றுத்தரக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர்,
கும்பகோணம்.