சாவிக்கொத்து வந்தது, பயிற்சி வரவில்லை

ஆசிரியருக்கு,

செவிலியர் திறன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு என்னென்ன தெரியவில்லை என்றே அது முழுக்கப் பேசுகிறது. சரி, அவர்களை வழிநடத்தும் எங்களுக்கு என்ன தெரியும்?

நோயாளியின் முகத்தைப் பார்த்தே நிலைமை மோசமாகிறது என்று கண்டுபிடிக்கும் நர்ஸ் ஒருவர் வார்டில் இருப்பார். ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, “நாளையிலிருந்து நீங்கதான் வார்டு இன்சார்ஜ்” என்று சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. முதல் மாதமே ஓர் இரவு டியூட்டிக்கு மூன்று புதியவர்களை மட்டும் போட்டு ரோஸ்டர் எழுதினேன். அன்றிரவு ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல் வந்தது. எமர்ஜென்சி டிராலியைத் தேடுவதிலேயே நேரம் போனது. பக்கத்து வார்டு சிஸ்டர் ஓடிவந்ததால் நோயாளி தப்பித்தார். விளக்கக் கடிதம் எழுதியது அந்தப் பெண்கள், தப்பு என்னுடையது.

செவிலியர் திறனை ஐந்து படிகளாக விளக்கியவர் அமெரிக்க செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர். 1980களில் அவர் சொன்னதில் பலரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு: பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் அனுபவசாலியும் ‘புதியவர்’ என்ற முதல் படியில்தான் நிற்பார். இன்சார்ஜ் நாற்காலியும் அப்படி ஒரு புதுப் பிரிவுதான் என்பேன். நடந்த தவறைப் பயமில்லாமல் சொல்ல வைப்பதும், டாக்டரிடம் “இந்த டோஸ் சரியில்லை” என்று நின்று பேசுவதும் ஊசி போட்ட அனுபவத்தில் தானாக வந்துவிடாது.

அப்புறம், அவசர சிகிச்சை ஒத்திகை. இதயம் நின்றுபோனால் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். அந்தப் பயிற்சிக்கான சான்றிதழ் பொதுவாக இரண்டு ஆண்டு செல்லும். கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே மங்கிவிடும். ஒத்திகை என்றால் முன்கூட்டியே சொல்லி, பகலில், எல்லோரும் இருக்கும்போது நடத்துவதுதான் நான் பார்த்த வழக்கம். மேட்ரன் ஓரமாக நின்று மார்க் போடுவார். இரவு இரண்டு மணிக்குச் சொல்லாமல் நடத்தி, அவரையும் அதில் இறக்கிப் பாருங்கள். ஆள் குறைந்த ஷிப்டில் முடிவெடுப்பது யார் என்பதே பலருக்குத் தெரியாதது வெளியே வரும்.

இதற்கெல்லாம் ஆள் ஏது என்பார்கள். பற்றாக்குறை உண்மைதான். உலக அளவில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கையே சொன்னது. ஆனால் நான் கேட்பது பெரிய படிப்பு இல்லை. புது இன்சார்ஜ் ஒரு மாதம் பழையவரின் கூடவே இருந்து ரோஸ்டர் போட்டுப் பழகட்டும். அந்த ஒரு மாதம் இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்க நிர்வாகம் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்