கிராம்புத் தோட்டத்துக்குப் பனிநாட்டுக் குடில் வேண்டாம்

குமரி மாவட்டத்து மாறாமலை, பாலமோர், கீரிப்பாறை மலைத்தோட்ட உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கிராம்பும் ரப்பரும் நிற்கும் தோட்டத்தில் நாலைந்து மரக்குடில் கட்டி, காடு பார்க்க வருகிறவர்களைத் தங்கவைக்கலாம் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஆசாரிமாரிடம் நீங்கள் காட்டும் படங்கள் நார்வேயிலும் கனடாவிலும் உள்ள குடில்களுடையவை. தரைவரை இறங்கும் முக்கோணக் கூரை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காற்றுப் புகாத தடித்த சுவர். இந்த மூன்றும் நம் மலைக்கு ஆகாது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சுவரிலிருந்து தொடங்குகிறோம், பெரிய சேதம் அங்கேதான். பனிநாட்டில் சுவருக்குள் 20 செ.மீ. கனத்துக்குக் கனிமக் கம்பளி அடைத்து, உள்பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் விரிப்பார்கள். அங்கே உள்ளே சூடு, வெளியே உறைகுளிர். சமையலிலும் மூச்சிலும் எழும் நீராவி வெளியேறப் பார்க்கும்; சுவருக்குள் போய்க் குளிர்ந்து நீராகாமல் தாள் தடுக்கும். நம் ஊரில் இது அப்படியே தலைகீழ். வெளிக்காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீதும் நீர் கோத்துவிடும். உள்ளே ஏசியை 22-இல் வைத்தீர்களானால், வெளியிலிருந்து வரும் ஈரம் அந்தத் தாளின் முதுகில் படிந்து, போக வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். பலகை முன்னால் பளபளவென்று இருக்கும், பின்னால் பூஞ்சை ஓடியிருக்கும். மெத்தையில் நாற்றம் வந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் சுவரின் சட்டம் உளுக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே சுவரை அடைக்க வேண்டாம், ஏசியும் வேண்டாம். 25 மி.மீ. ஒற்றைப் பலகை போதும். உத்தரத்துக்குக் கீழே சுற்றிலும் 20 செ.மீ. உயரத்துக்கு, காற்றுப் போக இடைவெளி விட்ட மர அழி வைத்து, உள்பக்கம் கொசுவலை அடியுங்கள். மார்கழி, தை இரவுக் குளிருக்கு அழியை மூடும் பலகைக் கதவும் நல்ல கம்பளியும் போதுமானவை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையை ஒருமுறை இந்தக் கண்ணோடு சுற்றிப் பாருங்கள். அழி வழியே ஓடும் காற்றும், சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாரமும் அங்கே மரத்தை எப்படிக் காக்கின்றன என்பது தெரியும். கண்ணாடி வேண்டுமென்றால் வடக்கே ஒரு சன்னல் அளவு வைக்கலாம். மேற்கே வைத்தால் மாலையில் உள்ளே இருக்க முடியாது.

60 டிகிரிக் கூரை பனி வழுக்கி விழுவதற்காக. நமக்கு 30 முதல் 35 டிகிரி சாய்வும், சுவரைவிட்டு 90 செ.மீ. நீளும் இறவாரமும் வேண்டும். முக்கோணக் கூரையில் இறவாரமே கிடையாது. கூரையைத் தாங்கும் சாய்வுமரமான கழுக்கோலின் கால் மண்ணோரம் நனைந்தபடியே இருக்கும். ஆனால் நீண்ட இறவாரத்தைக் காற்று கீழிருந்து தூக்கும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் நம் ரப்பர் தோட்டங்களைச் சாய்த்துப்போட்டதை மறக்க முடியாது. கழுக்கோலை உத்தரத்தோடும், உத்தரத்தை மரத்தூணோடும், மரத்தூணை அதன் அடியில் நிற்கும் கல்தூணோடும் 40 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனமுள்ள துத்தநாகம் பூசிய பட்டையால் போல்ட் போட்டுப் பிணையுங்கள். இதில் ஒரு சந்திப்பு விட்டுப்போனாலும் மற்றவை பயனில்லை. ஓட்டில் இறவாரத்து இரண்டு வரிசையையும் கூரை உச்சியில் மோட்டோரத்து இரண்டு வரிசையையும் கம்பியால் கட்டுங்கள்.

சரிவை வெட்டிச் சமப்படுத்த ஜேசிபி கொண்டுவர வேண்டாம். வெட்டிய மண் மழையில் இறங்கும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் குடிலுக்கு ஒன்பது கல்தூண். கெட்டி மண் வரும்வரை, குறைந்தது 75 செ.மீ. ஆழம்; மேட்டுப்பக்கத்திலும் தரைக்கு மேல் 60 செ.மீ. உயரம். மழைத்தண்ணீர் அடியில் தன் போக்கில் போகும். தூண் தலையில் தகட்டை நான்கு புறமும் 5 செ.மீ. நீட்டிக் கீழ்நோக்கி மடக்கினால், கரையான் மறைவாக ஏற முடியாது. மண்கூடு கட்டினாலும் கண்ணில் படும். மேட்டுப்பக்கம், இறங்கும் தண்ணீரைத் திருப்ப ஒரு மறிகால் வெட்டி, தண்ணீரைக் கல் பாவிய ஓடையில் விடுங்கள்.

மரத்தைப் பற்றி ஒன்று. ரப்பர் மரம் கையருகே மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிச்சுவருக்குப் போட்டுவிடாதீர்கள். அறுத்த ஓரிரு நாளில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றாவிட்டால் நீலப்பூஞ்சையும் வண்டும் பிடிக்கும். ஏற்றினாலும் மழை அந்த மருந்தைக் கழுவிவிடும். கட்டில், அலமாரி, உள்மச்சு, இதற்கெல்லாம் அருமையான மரம். வெளியே அயனியோ தேக்கோ, அதுவும் வெள்ளை நீக்கிய வைரம் மட்டும்.

மின்சாரத்துக்குச் சூரியத் தகடு போதும். நான்கு எல்இடி விளக்கு 5 மணி நேரம், மின்சாரம் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி விசிறி 8 மணி நேரம், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து நாளைக்கு 375 வாட்-மணி வரும். மழைமாத வெயிலை இரண்டரை மணி நேர முழுவெயில் என்று வைத்தால், வழியில் வீணாவதையும் சேர்த்து 250 வாட் தகடும், இரண்டு நாள் தாங்க 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் வேண்டும். தகட்டின் ஒரு மூலையில் மரநிழல் விழுந்தாலும் உற்பத்தி படுத்துவிடும், வெட்டவெளியில் நிறுத்துங்கள்.

கழிவறைக்கு உறிஞ்சுகுழி சரிப்படாது. மழைக்காலத்தில் ஊற்று குழிக்குள் ஏறி, அடுத்த ஓடையில் போய்க் கலக்கும். தரைக்கு மேல் இரண்டு அறையுள்ள உலர் கழிவறை கட்டுங்கள். சிறுநீரைத் தனியே பிரித்து, ஒவ்வொரு முறையும் சாம்பலோ மரத்தூளோ தூவ வேண்டும். ஒன்று நிறைந்தால் மூடி ஓராண்டு விட்டு எடுக்கலாம்.

கட்டுவதற்கு முன் நிலம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பிலோ 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்திலோ வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யானைத்தடம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐந்தையும் ஒன்றாகத் தொடங்காமல் முதலில் ஒன்றைக் கட்டுங்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் அதன்மேல் பெய்து ஓயட்டும். பிறகு ஆசாரியைக் கூட்டிப்போய் கழுக்கோல் நுனி, தூணின் அடி, பலகை இணைப்பு மூன்றிலும் உளிமுனையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உளி இறங்காவிட்டால் மற்ற நான்குக்கும் மரம் அறுக்கலாம்.

அன்புடன்,
குமரி மாவட்ட மரவேலை ஆசாரிமாரும் கட்டடப் பொறியாளர்களும் சிலர்