தொலைக்காட்சி அலைவரிசைகளின் விளம்பர விற்பனைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளம்பர விற்பனைப் பிரிவினருக்கு,

வணக்கம். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காகத் தொலைக்காட்சியில் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் அனுப்பும் விலைப்புள்ளியில் நொடிக்கணக்கு மட்டும் இருக்கிறது. அந்த விலைக்கு எத்தனை பேருடைய பார்வை கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

முதன்முறையாக விளம்பரம் செய்ய வரும் எந்த முதலாளியும் "முப்பது நொடிக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்கிறார். நீங்களும் ரேட் கார்டை, அதாவது விலைப்பட்டியலைப் புரட்டி ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் அலைவரிசையில் முப்பது நொடிக்கு 1,000 அலகு பணம் என்றும், அந்த நிகழ்ச்சியின் ரேட்டிங் (நூறு பேரில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற அளவு; நூற்றுக்கு ஒருவர் என்றால் ஒரு புள்ளி) அரைப் புள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் விலை 3,000, ரேட்டிங் இரண்டு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஆகும் செலவு முன்னதில் 2,000, பின்னதில் 1,500. மலிவு என்று நினைத்து வாங்கியதுதான் உண்மையில் விலை கூடியது. பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுத் தர ஏஜென்சி இருக்கிறது. சிறிய முதலாளியோ பணம் தீர்ந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்.

ரேட்டிங்கும் முழு விடையாகிவிடாது. யார் பார்க்கிறார்கள் என்பது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்கு இணையாக விலையைத் தீர்மானிக்கிறது. விளம்பரதாரர்கள் போட்டி போட்டுத் தேடும் வயதினரும் வருவாய்ப் பிரிவினரும் கூடும் நிகழ்ச்சிக்கு, அதைவிட அதிகம் பேர் பார்க்கும் வேறொரு நிகழ்ச்சியைக் காட்டிலும் கூடுதல் விலை கிடைப்பது வழக்கம். அதோடு, ரேட்டிங் என்பது நாடு முழுவதிலும் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் அல்லது சில பத்தாயிரம் வீடுகளில் எடுக்கப்படும் மாதிரி அளவீடு. பெரிய நிகழ்ச்சிகளுக்கு அது பெரும்பாலும் நம்பத்தக்கது. சிறிய அலைவரிசையின் நள்ளிரவு நிகழ்ச்சிக்கோ, விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள் வேறு பக்கம் திரும்பினாலே புள்ளி பாதியாகிவிடும். அப்படிப்பட்ட எண்ணைப் பல வாரச் சராசரி இல்லாமல் தனியாக எடுத்துக்காட்டி விலை பேசுவது முறையாகாது.

நேரம் அழியும் சரக்கு என்பதையும் நாங்கள் அறிவோம். இன்று விற்காத நொடியை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. அதே வேளையில் நல்ல நேரத்தை நினைத்தபடி பெருக்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி காலை 6 முதல் மாலை 6 வரையிலும், மாலை 6 முதல் நள்ளிரவு வரையிலும் விளம்பரத்தின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அளவு இப்படிக் கட்டுப்பட்டிருக்க, எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே நேரத்தைக் கேட்டால் விலை ஏறத்தான் செய்யும். அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 1967ஆம் ஆண்டில் சுமார் 40,000 டாலராக இருந்த முப்பது நொடி, 2025ஆம் ஆண்டில் சில விளம்பர இடங்களுக்கு 80 லட்சம் டாலர் வரை சென்றது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும், பார்வையாளர் எண்ணிக்கை அந்த வேகத்தில் வளரவில்லை. பார்வையாளர்கள் நூறு திசைகளில் சிதறிவிட்ட காலத்தில், எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் நிகழ்ச்சி அரிதாகிவிட்டது. அந்த அருமைக்கும் சேர்த்தே விலை. இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

எனக்குக் குறை இருப்பது வேறிடத்தில். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறிய நிறுவனத்துக்காக "மாலை 7 முதல் நள்ளிரவு 12 வரை" என்ற நேரப் பட்டையில் நாற்பது விளம்பர இடங்கள் வாங்கினோம். எந்த விளம்பரம் எப்போது ஓடியது என்று காட்டும் ஒளிபரப்புச் சான்றிதழ் வந்தபோது ஒவ்வொரு வரியாகப் பேனாவால் குறித்துப் பார்த்தேன். நாற்பதில் இருபத்தொன்பது இடங்கள் இரவு 11 மணிக்குப் பிறகு ஓடியிருந்தன, 11.52, 11.56 என்று வரிசையாக இருந்தன. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை. ஆனால் அந்த முதலாளி விலை கொடுத்தது எட்டரை மணிக் கூட்டத்தை மனத்தில் வைத்து. குறித்த நிகழ்ச்சியில், குறித்த இடைவேளையில், அதிலும் முதல் இடத்தில் வர வேண்டும் என்றால் கூடுதல் கட்டணம் உண்டு என்பதும், எங்கே போடுவது என்பதை உங்கள் விருப்பத்துக்கு விட்டால்தான் விலை குறையும் என்பதும் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருபவருக்கு அதை யார் சொல்வது?

தயாரிப்புச் செலவைப் பற்றி உங்களிடம் முறையிட ஒன்றுமில்லை. நடிகரின் ஊதியமும் இசை உரிமையும் எத்தனை மாதத்துக்கு, எந்தெந்தப் பகுதிகளுக்கு என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். அது நாங்களும் தயாரிப்பாளரும் பேசித் தீர்க்க வேண்டியது. பதினைந்து நொடியின் விலை முப்பது நொடியின் விலையில் சரிபாதியாக இருக்காது, பெரும்பாலும் அதற்கு மேல் இருக்கும் என்பதை மட்டும் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால், படத்தை எடுத்து முடித்த பிறகு வெட்டிக் குறைக்கும் வேலை மிச்சமாகும்.

விலையை வெளிப்படையாகச் சொன்னால் வியாபாரம் நடக்காது என்று உங்களில் பலர் நேரில் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாள்களில், அதே வகை நேரத்துக்கு மற்றவர்களிடம் வாங்கும் மிகக் குறைந்த கட்டணத்துக்கு மேல் வேட்பாளரிடம் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவரிடம் வாங்கிய கட்டணத்தை யாரும் பார்க்கக்கூடிய பொதுக் கோப்பில் வைக்கவும் நிலையங்கள் கடமைப்பட்டுள்ளன. அங்கே அலைவரிசைகள் மூடப்பட்டுவிடவில்லை. உங்கள் மிகக் குறைந்த விலையை எங்களுக்கும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்டு முழுவதற்கும் மொத்தமாக முன்பதிவு செய்பவருக்குத் தள்ளுபடி கிடைப்பது நியாயமே.

விலைப்புள்ளியில் மூன்று வரிகளைச் சேருங்கள். கடந்த எட்டு வாரங்களில் அந்த நேரத்துக்கு எங்கள் இலக்குப் பிரிவினரிடையே கிடைத்த சராசரி ரேட்டிங் எவ்வளவு என்பது ஒன்று. பட்டைக்குள் எந்த மணியில் எத்தனை இடங்கள் ஓடும் என்பது இரண்டாவது. சொன்ன பார்வை கிடைக்காவிட்டால் எத்தனை இடங்களை, எந்த நேரத்தில், எத்தனை நாள்களுக்குள் ஈடாகத் தருவீர்கள் என்பது மூன்றாவது. பெரிய விளம்பரதாரர்களோடு செய்யும் ஒப்பந்தங்களில் இந்த மூன்றாவது வரியை நீங்கள் எழுதிக் கொடுப்பது புதிதல்ல. அதே வாசகத்தை எங்கள் ஒப்பந்தத்திலும் சேர்த்தால் போதும்.

அடுத்த காலாண்டுக்கான திட்டம் இப்போது என் மேசையில் இருக்கிறது. இந்த மூன்று வரிகளோடு வரும் விலைப்புள்ளிகளை முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களுக்கு விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் ஒருவர்